வண்டி யார் பேரில்

அவரை நல்ல மனிதர் என்று சொல்ல எனக்கு அவசரம் இல்லை. வாஷிங் மெஷின் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று சொல்லலாம். அதுவும் இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் தோன்றும். முதல் முறை சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். வந்ததும் மெஷினுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில், "இத யாரு இப்படிப் பண்ணது?" என்று கேட்பார். வீட்டில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கேள்விக்கு அவர் பதில் எதிர்பார்ப்பதே இல்லை. அடுத்து சொல்லப்போகும் கூலிக்கு அது ஒரு முன்னுரை.

தெருவில் அவருக்கு டிரம் என்று பெயர். மெஷினின் உருளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் மாடிப்படி இறங்கும்போது பின்னாலிருந்து பார்த்தவர்கள் வைத்த பெயர். உருண்டையான உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளமான கால்கள். கடவுள் இரண்டு வேறு மாடல்களின் உதிரிபாகங்களைச் சேர்த்துப் பூட்டிவிட்டார் என்று அவர் மனைவி சொல்வார். மனைவிக்கு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே மற்றவர்கள் வாங்குவதைக் கூட்டிச் சொல்லிவிட்டு வருவதால் வீட்டில் எதையும் கூட்டிப் பார்க்கப் பிடிக்காது என்பார். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. டயர் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரெசர் ஓடும்போதெல்லாம் சமையலறை அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும்.

அவரிடம் சொந்தக் காசில் வாங்கிய பொருள் என்று ஒன்று உண்டானால் அது வண்டி. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த சின்ன வேன். பின்னால் அவரே பலகை அடித்து அடுக்கு வைத்திருந்தார். பெல்ட்டுகள், தண்ணீர் பம்புகள், ரப்பர் குழாய்கள், பொத்தான்கள் ஒரு டப்பாவில், மற்றவர்களின் துணியிலிருந்து விழுந்த நாணயங்கள் இன்னொரு டப்பாவில். வண்டி இல்லாமல் அவருக்குத் தொழில் இல்லை. வாஷிங் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது.

கடன் எப்படி வந்தது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. சூது கிடையாது, குடி கிடையாது. பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் சொல்லி அழவாவது வசதியாக இருந்திருக்கும். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்து சில மாதம் எடை தூக்கக் கூடாது என்றார்கள். எடை தூக்காத வாஷிங் மெஷின்காரர் நீந்தத் தெரியாத மீன். அந்தச் சில மாதத்துக்கு கிரெடிட் கார்டு. கார்டுக்குக் கட்ட ஃபோனில் கடன் தரும் ஒரு ஆப். அந்த ஆப்புக்குக் கட்ட இன்னொன்று. நடுவில், மனைவியின் அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோனபோது, கௌரவமாக இருக்கட்டும் என்று கார்டைத் தேய்த்து ஒரு பெரிய டிவி வாங்கிக் கொடுத்தார். கடன் என்பது எதிர்காலத்தை இன்றைக்கே செலவழிப்பது என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. இவர் வீட்டில் நடந்தது வேறு. போன வருடத்து மின்கட்டணம் வட்டியோடு வளர்ந்து அடுத்த வருடத்துக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தது.

அவர் கட்டிய முறையும் வேடிக்கையானது. யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்களுக்கு முதலில். வீட்டுக்காரர் மென்மையாகப் பேசுபவர், ஆகவே வாடகை பாக்கி. மின்வாரியம் கத்தாது, கடுதாசி அனுப்பும். ஆகவே அதுவும் பாக்கி. கார்டு கம்பெனிக்காக வசூல் செய்கிற ஒருவன் மட்டும் தினமும் காலையில் ஃபோன் செய்து மானம், மரியாதை, பிள்ளைகுட்டிகளின் வருங்காலம் என்று வரிசையாகப் பேசுவான். அவனுக்குத் தவறாமல் ஏதாவது போகும். ஒருநாள் அவன் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். டிரம் பேச்சை நிறுத்தச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். உங்கள் வீட்டு மெஷினில் வடிகட்டிக்குள் காசு மாட்டியிருக்கிறது, கீழே இடது பக்கம் மூடியைத் திருகினால் வரும் என்றார். மறுநாள் அவன் ஃபோன் செய்து நன்றி சொன்னான். சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து மானம், மரியாதையைத் தொடர்ந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் டீக்கடையில் யாரோ மஞ்சக் கடுதாசியைப் பற்றிச் சொன்னார்கள். திவால் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் கடன்காரன் கிட்ட வரமுடியாது. ஆனால் வீட்டிலிருக்கிற பாய், தலையணை உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வண்டியெல்லாம் அன்றைக்கே போய்விடும். சொன்னவர் யாருக்காவது அப்படி நடந்து பார்த்தாரா என்று டிரம் கேட்கவில்லை. கெட்ட செய்திக்கு யாரும் சாட்சி கேட்பதில்லை.

வண்டி போய்விடும் என்ற ஒரே வார்த்தைதான் அவர் காதில் நின்றது. பாயும் தலையணையும் போனால் போகட்டும். அவர் நேராக மனைவியின் அண்ணனான மச்சானிடம் போனார்.

மச்சான் ஃபர்னிச்சர் கடையில் விற்பனையாளர். குள்ளமான ஆள், பெரிய குரல். மெத்தையின் மேல் வாடிக்கையாளரைப் படுக்க வைத்துவிட்டு விலை சொல்வார், படுத்திருப்பவன் பேரம் பேச வெட்கப்படுவான் என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம். ஆபரேஷன் நேரத்தில் டிரம்முக்கு அவரும் ஒரு தொகை கொடுத்திருந்தார். அதைத் திருப்பிக் கேட்டதே இல்லை. கேட்கவில்லை என்பதை மட்டும் பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இவரிடம் டிரம் போய், வண்டியைக் கொஞ்ச நாளைக்கு உங்கள் பேரில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் அடங்கியதும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். மச்சான் யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு சரி என்றார். மறு வாரமே வண்டிப் பதிவு மாறியது. மனைவியிடம் டிரம் அதற்குப் பிறகுதான் சொன்னார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டாரே தவிர, அண்ணன்தானே என்று விட்டுவிட்டார்.

பேர் என்பது வெறும் எழுத்து என்று நினைப்பவர்கள் தங்கள் பொருளை இன்னொருவர் பேரில் எழுதிப் பார்க்கவேண்டும். முதல் மாதம் மச்சான் வண்டிக்குச் சீட் உறை வாங்கிப் போட்டார். மெரூன் நிறம், பூப்போட்டது. இரண்டாம் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி தன் வீட்டு வாசலில் நிற்கட்டும், உரிமையாளர் வீட்டில் வண்டி நிற்பதுதான் முறை என்றார். ஞாயிறுகளில் அவர் அதில் கட்டில், மேஜை டெலிவரி செய்து தனியாகச் சம்பாதிக்கத் தொடங்கியது பிறகு தெரிந்தது. அடுக்குப் பலகைகளைக் கழற்றி ஓரமாக வைத்திருப்பார். திங்கட்கிழமை காலையில் டிரம் ஏறி உட்கார்ந்தால், சீட் மச்சானின் கால் அளவுக்கு முன்னால் தள்ளியிருக்கும். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்கும். வாரம் தவறாமல் இடித்தது. அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். வண்டியின் தேய்மானத்துக்கு மாதம் ஏதாவது கொடுத்தால் தேவலை என்று மச்சான் சொன்ன அன்றைக்குத்தான் சாப்பிடாமல் படுத்தார்.

மறுநாள் மனைவியே அவரை இழுத்துக்கொண்டு இலவசக் கடன் ஆலோசனை மையத்துக்குப் போனார். பல்மருத்துவர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல் மாடியில் ஒரு அறை. காத்திருக்கும்போது கீழேயிருந்து துளைபோடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அங்கே வந்திருந்தவர்கள் யாரும் அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை, அதைவிடப் பெரிய வலியோடு வந்திருந்தார்கள். ஆலோசகர் நடுவயதுப் பெண், நெற்றிக்கு மேல் ஏற்றிவைத்த கண்ணாடி. அனுதாபம் காட்டவில்லை. அதனாலேயே அவர் மேல் நம்பிக்கை வந்தது.

கையிலிருப்பதை யாருக்கு முதலில் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கத்துகிறவனுக்கு என்றார் டிரம். அதை இன்றோடு நிறுத்தச் சொன்னார் ஆலோசகர். முதலில் வாடகை, மின்சாரம், சாப்பாடு. கத்துகிறவனால் கத்த மட்டும்தான் முடியும், வீட்டுக்காரர் கத்தாமலே வெளியேற்றலாம் என்றார். பிறகு வழிகளைச் சொன்னார். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான். எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாதவனிடம் எதையும் எடுக்க முடியாது, வயதான சிலருக்கு அதையே சொல்வதுண்டு. ஆனால் ஃபோன் ஓயாது, அதைத் தாங்கும் மனசு வேண்டும். ஒவ்வொரு கம்பெனியோடும் பேசித் தவணையைக் குறைக்கலாம். டிரம் அதைச் செய்து பார்த்திருந்தார். ஒரு ஆப் மனமிரங்கி, பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் கொடுத்தது. கோர்ட் மூலம் சில வருடங்களுக்குத் தவணைத் திட்டம் போடலாம், ஆனால் அது மாதச் சம்பளக்காரர்களின் அளவுக்குத் தைத்த சட்டை. மழைக்காலத்தில் துணி காயாமல் எல்லோரும் மெஷினைப் போட்டு உடைத்தால்தான் இவருக்கு வருமானம். எங்களிடம் பணம் கட்டினால் கடனையே இல்லாமல் செய்கிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்றும் சொன்னார்.

கடைசியாகத் திவால். கார்டும் ஆப்புகளும் அதில் கரைந்துபோகும். வரியும் அபராதமும் கரையாது. சில வருடங்களுக்கு யாரும் கடன் தரமாட்டார்கள். சட்டம் இதை ஒரு தண்டனை என்று நினைத்து வைத்திருக்கிறது. டிரம்மின் மனைவி முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக ஒரு வெளிச்சம் வந்தது யாரும் கடன் தரமாட்டார்கள் என்பதைக் கேட்டபோதுதான்.

பிறகு ஆலோசகர், கடந்த இரண்டு மூன்று வருடத்தில் எதையாவது விற்றீர்களா, சொந்தக்காரர் யாருக்காவது எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். டிரம் இல்லை என்றார். மேஜைக்கு அடியில் மனைவி அவரை உதைத்தார். உதை தவறி ஆலோசகரின் நாற்காலியில் பட்டது.

"வண்டிய எங்க அண்ணன் பேருக்கு மாத்திட்டாரு மேடம்" என்றார் மனைவி.

ஆலோசகர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு டிரம்மைப் பார்த்தார். வண்டிக்கு என்ன வயசு, விற்றால் எவ்வளவு போகும் என்று கேட்டார். டிரம் ஒரு தொகையைச் சொன்னார். அது அதிகம் என்று மனைவி திருத்தினார்.

"இவ்வளவு பழைய வண்டி, அதுவும் தொழில் வண்டின்னா அத யாரும் தொடமாட்டாங்க சார். சட்டமே உங்களுக்கு விட்டுக் குடுக்குது. ஆனா உங்க பேர்ல இருந்தாத்தான் விட்டுக் குடுக்கும். இப்ப அது உங்களோடது இல்ல, நீங்க கேக்க முடியாது. சும்மா தூக்கிக் குடுத்ததால உங்க மச்சானும் வச்சுக்க முடியாது. வாங்கி ஏலம் போட்டுருவாங்க. காப்பாத்துறேன்னு நீங்களே கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்க."

மறைத்தால் என்ன ஆகும் என்று டிரம் மெதுவாகக் கேட்டார். மறைத்தது தெரிந்தால் கடன் தீராது, வழக்கு வரும் என்றார் அவர். மனு போடுவதற்கு முன்னால் வண்டி திரும்பி உங்கள் பேருக்கு வரவேண்டும், நடந்ததையும் மனுவில் எழுதவேண்டும், அதற்கப்புறம் என்னிடம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

டிரம் படியிறங்கினார். தினமும் யாராவது ஒருவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இந்த மெஷினில் இனிமேல் காசு போடாதீர்கள், இது முடிந்துபோய்விட்டது என்று கூசாமல் சொல்கிற மனிதர். அவர் சொல்லும்போது சிலர் கண்கலங்கியதுகூட உண்டு. அதே வார்த்தையைத் தனக்கு யாராவது சொல்லவேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. அறிவு என்பது ஒரு மனிதனுக்குள் ஒரே மட்டத்தில் பரவியிருப்பதில்லை. சில அறைகளில் மட்டும் விளக்கு எரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மச்சான் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் வண்டி ஒரு அலமாரியைச் சுமந்துகொண்டு நின்றது. உள்ளே, டிரம் வாங்கிக் கொடுத்த டிவியில் மச்சானின் மனைவி சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். டிரம் விஷயத்தைச் சொன்னார். மச்சான் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு மெத்தை விற்கும் குரலில் தொடங்கினார். தான் கேட்காமலே இருந்த பணத்தைப் பற்றி, அதைக் கேட்காமல் இருப்பதற்குத் தேவைப்படும் பெருந்தன்மையைப் பற்றி, இந்தக் காலத்தில் அப்படி யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி. கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"என் காசு வந்தா வண்டி வரும் மாப்ள. அவ்வளவுதான்."

அவர் தங்கை குறுக்கிட்டு, உன் பணமும் மனுவில் எழுதப்படும், மற்ற கடன்காரர்களுக்கு ஏதாவது கிடைத்தால் உனக்கும் கிடைக்கும் என்றார். மச்சானுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

"கூடப் பொறந்தவன அந்த ஆப்போட வரிசையில நிக்க வைக்கிறியாம்மா?"

"வண்டி உம் பேர்ல இருந்தா உன்னையும் கூப்பிட்டு விசாரிப்பாங்கண்ணே. பேங்க் கணக்கெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்வாங்க."

மச்சான் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது மேஜைமேல் அவருடைய ஃபோன் அதிர்ந்தது. யார் என்று பார்க்காமலே அதை எடுத்துக் குப்புறப் படுக்கவைத்தார். மற்றொரு கை ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியது. இரண்டும் ஒரே அசைவு. முகம் மாறவில்லை.

தங்கை கவனிக்கவில்லை. மச்சானின் மனைவிக்குப் பழகிப்போயிருந்தது. டிரம் மட்டும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருடத்துக்கு மேலாக அவருடைய கை செய்துகொண்டிருந்த வேலை அது. பார்க்காமல் திருப்புவது புதிதாகக் கடன்பட்டவனுக்கு வராது, அவன் பேரைப் பார்த்துவிட்டுத்தான் பயப்படுவான். வருகிற எல்லா ஃபோனும் ஒரே மாதிரிதான் என்று தெரிந்த பிறகுதான் கைக்கு அந்தப் பக்குவம் வரும்.

"எத்தன பேரு மச்சான்?" என்று கேட்டார்.

மச்சான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.

"நாலு" என்றார்.

டிரம்முக்குக் கொடுத்த தொகையே ஒரு ஆப்பிலிருந்து எடுத்ததுதான். தங்கை புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இல்லையென்று சொல்ல நாக்கு வரவில்லை என்றார். பிறகு வீட்டுத் தவணை, கடையில் கமிஷன் குறைந்தது, எல்லோருக்கும் தெரிந்த கதை. ஞாயிற்றுக்கிழமை டெலிவரிப் பணம் முழுக்க அந்த நாலு பேருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. தேய்மானம் கேட்டதும் அதற்குத்தான். அவர் மனைவி டிவியை அணைத்தார். இதையெல்லாம் பாத்ரூமுக்குள் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தால் போதுமா, இவர்களிடம் எப்போதோ சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றார். இதுவரை கடன் கொடுத்தவரின் எதிரில் சோபா நுனியிலேயே உட்கார்ந்திருந்த டிரம், அன்றைக்குத்தான் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இதை அவருடைய குணத்துக்குப் பெருமை சேர்க்கிற விஷயமாக நான் சொல்லவில்லை. இன்னொருவனும் மூழ்கிக்கொண்டிருக்கிறான் என்பதில் மனிதனுக்கு ஒரு சுகம் இருக்கிறது, அதை ஒளிக்கும் நாகரிகம் சிலருக்கு உண்டு, இவருக்குக் குறைவு.

வண்டி அந்த வாரமே டிரம் பேருக்குத் திரும்பியது. பதிவு மாற்றும் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்கள் என்ன பந்து விளையாடுகிறீர்களா என்று கேட்டாராம். சீட் உறையை மட்டும் மச்சான் கழற்றி எடுத்துக்கொண்டார்.

மனு போட்டு, விசாரணை நாள் வந்தது. கோர்ட் என்றதும் டிரம் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். ஆனால் அது மேஜையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்ட ஒரு சாதாரண அறை. சொத்துக்களைக் கணக்கெடுக்கும் அதிகாரி சளிப்பிடித்த மூக்கோடு உட்கார்ந்திருந்தார். எந்த ஆப்பும் வரவில்லை. கார்டு கம்பெனியும் வரவில்லை. இத்தனை நாள் அவ்வளவு அக்கறையாக விசாரித்தவர்கள், கூப்பிட்டபோது ஒருவரும் வராதது டிரம்முக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. கடன் கொடுத்தவர்களுக்கான நாற்காலியில் மச்சான் மட்டும் உட்கார்ந்திருந்தார். தங்கை தடுத்தும் கேட்காமல், நோட்டீஸ் எனக்கும் வந்திருக்கிறது, போவது என் உரிமை என்று வந்திருந்தார்.

அதிகாரி வண்டியைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். ஏன் மாற்றினீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள், யார் ஓட்டினார்கள். டிரம் எல்லாவற்றையும் சொன்னார், முழங்கால் இடித்ததுவரை சொன்னார். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, இதற்கு நீங்கள் ஒரு விலை கொடுக்கவேண்டும், கடனிலிருந்து விடுதலை சாதாரணமாகக் கிடைப்பதைவிடச் சில மாதம் தள்ளிப்போகும் என்றார். நீங்களாகவே திருப்பி வாங்கி, மறைக்காமல் எழுதியிருப்பதால் வண்டியை எடுக்கச் சொல்லித் தான் எழுதப்போவதில்லை என்றார். ஆனால் கடன்காரர் யாராவது ஆட்சேபித்தால் அதை மேலே அனுப்பவேண்டியிருக்கும். அப்படிப் போனால் முடிவு எப்படியும் வரலாம்.

அறையில் இருந்த ஒரே கடன்காரரை அவர் பார்த்தார். டிரம் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி அண்ணனை நேராகப் பார்த்தார். சூப்பர் மார்க்கெட்டில் சில்லறை குறைத்துக் கொடுத்தவனைப் பார்க்கும் பார்வை.

மச்சான் எழுந்தார். விற்பனைக் குரல் வரப்போகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது வரவில்லை.

"வண்டி அவருகிட்டயே இருக்கட்டும் சார். எனக்கு ஆட்சேபண இல்ல." உட்காரப் போனவர் திரும்ப நிமிர்ந்தார். "ஒரு சந்தேகம். இந்த மனுவுக்கு ஃபாரம் எங்க தர்றாங்க?"

அதிகாரி அவரை நன்றாக நிமிர்ந்து பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை, அந்தளவுக்கு அனுபவம் அவருக்கு இருந்தது. கீழ்த்தளத்தில் கடைசி கவுண்டர், சாப்பாட்டு நேரம் முடிந்து திறப்பார்கள், அதற்கு முன்னால் ஆலோசனை மையத்தில் ஒரு நடை போய்வாருங்கள் என்றார். எதையாவது யார் பேருக்காவது மாற்றியிருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மச்சான், கவுண்டர் திறக்கும்வரை கூட இருக்கிறாயா மாப்ள என்று கேட்டார். தனியாகக் கேட்க ஒருமாதிரி இருக்கிறது என்றார். டிரம் ஃபோனைப் பார்த்தார். மூன்றாம் மாடி வீடு ஒன்றில் மெஷினிலிருந்து தண்ணீர் வழிந்து கீழ் வீட்டுக் கூரையில் இறங்குகிறதாம், இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார்கள். மனைவியை மச்சானோடு இருக்கச் சொல்லிவிட்டு, அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.